லீவுக்கு ஊருக்குப் போன பாதிரிமார்கள்

வங்கியில் வேலை பார்க்கிறவர்களுக்கு எல்.எஃப்.சி. என்றால் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வங்கி தருகிற லீவும் பயணப்படியும். மும்பையில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளத்துக்கு அடுத்த முக்கியமான சமாச்சாரம் இதுதான். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியும் தேதி தெரிந்ததுமே, நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் கிடைக்குமா என்ற பேச்சு செம்பூர், மாட்டுங்கா, தாராவி எங்கும் ஆரம்பித்துவிடும்.

இந்த எல்.எஃப்.சி.க்கு ஒரு தாத்தா உண்டு. ஃபர்லோ என்று பெயர். கம்பெனிக் காலத்து அதிகாரிகளுக்கும் மிஷனரிகளுக்கும் பல வருஷத்துக்கு ஒரு தடவை கிடைத்த நீண்ட ஊர் விடுப்பு.

நான் பி.காம். படித்தவன். சரித்திரம் எனக்குப் பாடமல்ல, பொழுதுபோக்கு. சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். எங்கள் சீமையில் எந்தச் சாதி, எந்த மதமானாலும் படித்தது பெரும்பாலும் மிஷன் பள்ளிக்கூடமாகத்தான் இருக்கும். கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி கூப்பிடு தூரம். அதனால் வெள்ளைக்காரப் பாதிரிமார்கள் எப்படிக் கப்பலேறி வந்தார்கள், எப்படித் தமிழ் படித்தார்கள் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தோம். அவர்கள் லீவுக்குத் தங்கள் ஊருக்குப் போனபோது என்ன செய்தார்கள் என்று யாரும் சொன்னதில்லை. மும்பைக்கு வந்து, நானும் லீவுக்காரன் ஆன பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்தவரையில் ஒன்று பிடிபட்டது. ஊருக்குப் போகிறவன் பெட்டியில் என்ன கொண்டு போகிறான் என்பது சின்ன விஷயம். வேலை பார்க்கும் ஊரைப் பற்றிச் சொந்த ஊரில் என்ன சொல்கிறான் என்பது பெரிய விஷயம். அவன் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு அங்கேயே தங்கிவிடுகிறது.

தரங்கம்பாடியிலிருந்து ஒரு லீவு

முதலில் சீகன்பால்க். ஜெர்மானியர். டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடிக்கு வந்தார். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். உள்ளூர் டேனிஷ் கவர்னரோடு ஒத்துப்போகாமல் நான்கு மாதம் சிறையிலும் இருந்தார். எட்டு வருஷம் கழித்து, 1714 அக்டோபரில், உடம்பும் சரியில்லாமல், மேலிடத்தில் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினைகளையும் சுமந்துகொண்டு ஊருக்குக் கப்பலேறினார்.

அவர் தனியாகப் போகவில்லை. மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் கூட்டிப் போனார். நார்வேயில் உள்ள பெர்கன் துறைமுகத்தில் அவர்கள் இறங்கியது 1715 ஜூன் மாதம். ஏழு மாதத்துக்கு மேல் கடலில். நாம் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்கே முனகுகிறோம்!

அந்த ஏழு மாதம் வீணாகவில்லை. மலையப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கப்பலிலேயே லத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார் சீகன்பால்க். அடுத்த வருஷம், 1716இல், ஜெர்மனியின் ஹாலே நகரில் 'கிராமட்டிகா டாமுலிகா' என்று அது அச்சாகி வந்தது. ஐரோப்பியர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் இதல்ல. ஆனால் ஐரோப்பாவில் உட்கார்ந்துகொண்டே தமிழைத் தொட்டுப் பார்க்க நினைத்தவர்களுக்கு இது பெரிய உதவி.

ஊரில் என்ன நடந்தது? நம் லீவில் நடப்பதெல்லாம் நடந்தது. முதலில் மேலதிகாரியைப் பார்க்க வேண்டும். அரசர் நான்காம் ஃபிரடெரிக் அப்போது ஸ்ட்ரால்சுண்ட் கோட்டையை முற்றுகையிட்டுப் பாசறையில் இருந்தார். அங்கேயே போய்ப் பார்த்தார். பிறகு ஹாலேயில் தன் குருவான ஃப்ராங்கேயைப் பார்த்தார். அனாதை இல்லம், பள்ளிக்கூடம், அச்சகம் என்று ஒரு ஊரையே கட்டி வைத்திருந்தவர் ஃப்ராங்கே. சீகன்பால்க் எழுதிய கடிதங்கள் அங்கே 1710 முதல் அச்சாகி வந்தன. அதனால் அவர் போய் நின்றபோது, முன்பின் பார்க்காதவர்களுக்கும் அவரைத் தெரிந்திருந்தது.

கல்யாணமும் ஆயிற்று. பெண் மரியா டொரதியா சால்ஸ்மன். பழைய அறிமுகம், ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர். லீவில் போய்ப் பெண் பார்த்துக் கல்யாணம் முடித்துக் கூட்டி வருவது மும்பைத் தமிழர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று நினைத்திருந்தேன். 1715லேயே நடந்திருக்கிறது :-)

போகிற வழியில் லண்டனில் மன்னர் முதலாம் ஜார்ஜையும் பார்த்துவிட்டு, 1716 ஆகஸ்டில் மனைவி, மலையப்பன் சகிதம் சென்னையில் வந்து இறங்கினார்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது மலையப்பன். ஐரோப்பியர்கள் இந்தியாவைப் பற்றிக் கண்டதையும் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. 'தமிழர்கள் இப்படி, அப்படி' என்று சீகன்பால்க் ஆயிரம் சொல்லலாம். பக்கத்தில் ஒரு தமிழன் உயிரோடு நிற்கும்போது கட்டிவிட முடியாது. கிளம்புவதற்கு முன்பே அவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். தமிழர்களிடம் அவர்களுடைய சமயம், பழக்கவழக்கம் பற்றிக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் கைப்பட எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மனில் பெயர்த்து அனுப்பினார். அவையும் ஹாலேயில் அச்சாயின. உங்களைப் பற்றி நீங்களே சொல்லுங்கள் என்று 300 வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லை. தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். மிஷனரியை அனுப்பியது அந்த நம்பிக்கைகளை ஒழிக்கத்தானே தவிர ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃப்ராங்கேயின் எண்ணம். கையெழுத்துப் பிரதி அப்படியே கிடந்தது. 1867இல் சென்னையில்தான் அச்சேறியது. அதாவது 154 வருஷம் 'பெண்டிங் ஃபைல்'.

திரும்பி வந்தவர் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டினார். 1718இல் திறந்தார்கள். ஆனால் கோபன்ஹேகனிலிருந்த மிஷன் குழுவின் செயலாளர் வென்ட், கட்டடமும் பள்ளிக்கூடமும் எதற்கு, அப்போஸ்தலர்களைப் போல நடந்து போய்ப் பிரசங்கம் செய்தால் போதாதா என்று கடுமையாக எழுதினார். தலைமை அலுவலகத்துக் கடிதம் தூரத்துக் கிளையில் இருப்பவனை என்ன பாடுபடுத்தும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்க் இறந்துபோனார். நாற்பதைத் தொடவில்லை.

இரண்டு லீவு, இரண்டு பதிப்பு

இப்போது எங்கள் ஊர்க்காரர். ஆமாம், கால்டுவெல்லை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அயர்லாந்தில் 1814இல் பிறந்து, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வளர்ந்து படித்தவர். 1838 ஜனவரி 8 அன்று சென்னையில் இறங்கினார். வந்த கப்பலில் கூட வந்தவர் தெலுங்கு அறிஞர் சி.பி. பிரவுன். கடலிலேயே மொழிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. 1841இல் சென்னையிலிருந்து தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக்கொண்டு நடந்தே திருநெல்வேலிக்கு வந்து, இடையன்குடியில் தங்கினார். செம்மண் தேரியும் பனைமரமும் தவிர வேறொன்றும் இல்லாத இடம். கடல் காற்றில் மணல் வந்து சாப்பாட்டுத் தட்டில் விழும். இன்றைக்கும்தான்.

முதல் ஊர் விடுப்பு 1854இல். பதினாறு வருஷம் கழித்து. வயது நாற்பது. உடம்பு கெட்டுப்போயிருந்தது.

கிளாஸ்கோவில் அவருக்கு மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசையை ஊட்டியவர் கிரேக்கப் பேராசிரியர் சர் டேனியல் சாண்ட்ஃபோர்ட். அவர் 1838 பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார். கால்டுவெல் சென்னையில் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெளியூரில் இருக்கிற நம் எல்லோரிடமும் இப்படி ஒரு பெயராவது இருக்கும். ஊருக்குப் போனால் முதலில் இவரைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருப்போம். நாம் போகும்போது அவர் இருக்க மாட்டார்.

விடுப்பில் போனவர் ஓய்வெடுக்கவில்லை. சுமார் மூன்று வருஷ காலம் அங்கே இருந்தார். பல இடங்களில் திருநெல்வேலியைப் பற்றிப் பேசினார். அந்தச் சொற்பொழிவுகள் 1857இல் லண்டனில் புத்தகமாக வந்தன. அதற்கு முன்பே, 1856இல், 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' லண்டனில் வெளியானது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு, இவற்றோடு தோடர், கோத்தர், கோண்டு மக்களின் பேச்சுகளும் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று விரிவாக நிறுவிய புத்தகம். 1816லேயே சென்னையில் எல்லிஸ் இதன் அடிப்படையைச் சொல்லியிருந்தார். ஆனால் உலகம் காது கொடுத்துக் கேட்டது கால்டுவெல் எழுதிய பிறகுதான். அவர் படித்த கிளாஸ்கோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

மறுபடி 1873இல் விடுப்பு. சூயஸ் கால்வாய் திறந்து நான்கு வருஷமாகியிருந்தது. பிரயாணம் மாதக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு வந்துவிட்டது. 1875இல் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பு, நன்றாக விரிவாக்கி, லண்டனில் வந்தது. இடையன்குடியில் வெயிலில் அலைந்து சேர்த்த குறிப்புகள் ஊருக்குப் போன சமயம் பார்த்துப் புத்தகமாயின. தமிழ்நாட்டின் அரசியலையே மாற்றிய ஒரு புத்தகம் லீவு நாட்களில் முடிக்கப்பட்டது என்றால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் கணக்கு சரியாகாது. இதே கால்டுவெல் 1849இல் ஒரு சிறு புத்தகம் எழுதினார். திருநெல்வேலிப் பனையேறிகளின் சமூகத்தைப் பற்றியது. அந்தச் சமூகத்தின் பழைய பெயர்தான் தலைப்பு. 'நாடார்' என்பதை அரசாங்கம் பதிவேட்டில் ஏற்றது 1921இல்தான். ஆங்கில வாசகர்களுக்கு மிஷன் வேலையின் தேவையை உணர்த்த எழுதியது. அந்த மக்களை நாகரிகத்தில் கீழே இருப்பவர்களாக, அறிவில் மந்தமானவர்களாக அது காட்டியது. தான் எழுதியதை அந்த மக்களே ஒருநாள் ஆங்கிலத்தில் படிப்பார்கள் என்று அவர் நினைத்துப் பார்த்தாரா தெரியவில்லை.

படித்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்திலேயே படித்தார்கள். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து 1857இல் பிரகாசபுரத்தில் வெள்ளைக்காரர் தலைமை இல்லாத ஒரு கிறிஸ்தவ சபையையே தொடங்கினார். பிரிந்ததற்குக் காரணங்கள் பல. அந்தப் புத்தகமும் ஒன்று. பதில் புத்தகங்களும் மனுக்களும் முப்பது வருஷத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தன.

ஒரே மனிதர். தன் ஊர்க்காரர்களிடம் நம் மொழியைப் பற்றிச் சொன்னபோது கூர்ந்து கேட்டு, அளந்து சொன்னார். நம் மக்களைப் பற்றிச் சொன்னபோது, அங்கே கேட்பவர்களுக்கு இரக்கம் வர வேண்டும் என்பதற்காகச் சொன்னார். முதலாவதற்காக 1968இல் மெரினாவில் சிலை வைத்தோம். இரண்டாவதன் வலி எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சிலரிடம் இன்னும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவருடைய மனைவி எலிசாவையும் சொல்ல வேண்டும். நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகள். சின்ன வயதிலிருந்தே தமிழ் தெரிந்தவர். 1844இல் கல்யாணம். இடையன்குடிப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னலும் கொண்டு வந்தவர். கணவர் 'ஊர்' என்று சொன்னதும் இவர் 'ஊர்' என்று சொன்னதும் ஒன்றாக இருந்திருக்குமா? எங்கள் செம்பூர் காலனியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், திருநெல்வேலியில் ஒரு வாரம் இருந்ததும், "அப்பா, எப்ப நம்ம ஊருக்குப் போறோம்?" என்று மும்பையைக் கேட்பார்கள். எலிசாவை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

நம்ம பம்பாயில்

மும்பைக்காரர்களுக்கு ஒரு உள்ளூர்க் கதை. சௌபாட்டியில் வில்சன் காலேஜைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அதன் பெயருக்குரிய ஜான் வில்சன் ஸ்காட்லாந்துக்காரர். 1829இல் பம்பாய்க்கு வந்தார். 1843 ஜனவரியில் விடுப்பில் கிளம்பி, எகிப்து, பாலஸ்தீனம் எல்லாம் சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அவரும் தனியாகப் போகவில்லை. தன்ஜிபாய் நௌரோஜி என்ற பார்சி இளைஞர் கூடப் போனார். 1839இல் இவர் மதம் மாறியபோது பம்பாயே கொந்தளித்து வழக்கு கோர்ட் வரைக்கும் போயிருந்தது. எடின்பரோவில் படித்து, 1846இல் அங்கேயே பாதிரியாராகி, திரும்பி வந்தார்.

தரங்கம்பாடிக்கு மலையப்பன், பம்பாய்க்கு தன்ஜிபாய். ஊருக்குப் போனபோது ஆளையே கூட்டிப் போனவர்கள் இரண்டு பேர். மதம் மாற்றும் நோக்கத்தைப் பற்றி உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் ஒரு ஊரைப் பற்றிச் சொல்ல அந்த ஊர்க்காரனையே முன்னால் நிறுத்துவது நேர்மையான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

தாராவி என்று சொல்ல மாட்டேன்

தாராவிக்குத் திருநெல்வேலிக்காரர்கள் வர ஆரம்பித்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. முதலில் தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள். பிறகு மில் வேலை, பலகாரம், பலசரக்கு, இட்லி வியாபாரம். இன்று தொண்ணூறு அடி ரோட்டில் நின்றால் பாளையங்கோட்டையில் நிற்கிற மாதிரிதான் காதில் விழும்.

அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகளுக்கு ஊரில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். "ஊருல போயி தாராவின்னு சொல்ல மாட்டேன் தம்பி. சயான்னு சொல்லிருவேன்" என்றார். "ஏன் அண்ணாச்சி, தாராவியில்தானே வீடு, கடை, சம்பாத்தியம் எல்லாம்?" என்றேன். "எல்லாம் இருக்கு. ஆனா அங்க அவனுவ சினிமால பாத்த தாராவில்லா நெனப்பானுவ" என்றார்.

அவர் சொன்னது சரிதான். 'நாயகன்' (1987) முதல் 'காலா' (2018) வரை ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த தாராவி திரையில் பார்த்த தாராவி. ரவுடியும் சாக்கடையும். காலை நாலு மணிக்கு இட்லிக் கொப்பரை ஏற்றும் அக்காவையும், பத்துக்குப் பத்து அறையில் படித்துப் பட்டதாரியான பிள்ளைகளையும் யார் சொன்னார்கள்? நாம்தான் சொல்லியிருக்க வேண்டும். லீவுக்குப் போனபோதெல்லாம் 'சயான்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். 1849 புத்தகம் எங்கள் பெரியவர்களைக் கூச வைத்ததே, அதே கூச்சம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மும்பையில் நம் பிள்ளைகளிடம் ஊரைப் பற்றிச் சொல்லும்போது பதநீர், நுங்கு, தாமிரபரணிக் குளியல், கொடை விழா என்று அடுக்குவோம். அந்த ஊரில் தண்ணீருக்கு நடந்ததையும், தெருவுக்குத் தெரு சாதி பார்ப்பதையும், பிழைக்க வழியில்லாமல்தான் கிளம்பி வந்தோம் என்பதையும் விட்டுவிடுவோம்.

போகாதவரும், போயும் போகாதவரும்

கடைசியாக இரண்டு பேர்.

ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர். 1895இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் களக்காட்டுக்குப் பக்கத்தில் டோனாவூரில், கோயில்களுக்கு விடப்பட்ட பெண்குழந்தைகளை எடுத்து வளர்த்தார். 1951 ஜனவரியில் இறக்கும்வரை, 55 வருஷம், ஒரு தடவைகூட விடுப்பில் ஊருக்குப் போகவில்லை. ஊருக்கு எழுதினார், நிறைய எழுதினார். ஆரம்பத்தில் அவர் உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பிய புத்தகம், படிக்கிறவர்களுக்கு உற்சாகம் தராது என்று திரும்பி வந்தது. அவர் மாற்றி எழுதவில்லை. 1903இல் அது 'உள்ளபடியே' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடுதான் வெளிவந்தது. டோனாவூரில் அவருக்குக் கல்லறைக் கல் கிடையாது. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி, அதில் 'அம்மை' என்று ஒரு சொல்.

இன்னொருவர் ஜி.யு. போப். 1839இல் வந்து, சாயர்புரத்தில் பள்ளி நடத்தி, 1882இல் நிரந்தரமாக இங்கிலாந்து திரும்பினார். லீவு முடிந்தது என்று நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். 1886இல் திருக்குறள், 1893இல் நாலடியார், 1900இல், எண்பது வயதில், திருவாசகம் என்று ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1908இல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே அடக்கம். அந்தக் கல்லில் 'தமிழ் மாணவன்' என்று எழுதியிருப்பதாக நம் மேடைகளில் சொல்வார்கள், அப்படி இல்லை. அங்கே இருப்பது, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்ற செய்தி. எனக்கு இது மேடைக்கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அவர் ஊரை விட்டுப் போய் 26 வருஷம் கழித்தும், கடல் தாண்டிக் கல் வைக்க இங்கே நண்பர்கள் இருந்திருக்கிறார்கள்.

இந்த மே மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அல்வாவும் கருப்பட்டியும் வாங்கிவரத்தான் போகிறீர்கள். போகும்போது, இங்கே என்ன வேலை, எந்தத் தெரு, பக்கத்து வீட்டில் யார், மழைக்காலத்தில் என்ன பாடு, பிள்ளை எந்தக் காலேஜில் என்று இருக்கிறபடி நாலு பேரிடம் சொல்லுங்கள். தாராவி என்றால் தாராவி என்றே சொல்லுங்கள். முடிந்தால் திரும்பும்போது தம்பி மகனையோ அக்கா மகளையோ பத்து நாளைக்குக் கூடக் கூட்டி வாருங்கள். தொண்ணூறு அடி ரோட்டை அவர்களே பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லட்டும்.